உதறாத பூட்ஸ்

"தேள் கொட்டி ஒருத்தர் செத்தா தேளைத்தான் பிடிச்சு உள்ள போடணும். என் புருஷனை ஏன் சார் போட்டாங்க?"

டெல்ஃபினா இப்படிக் கேட்டது துப்பறிவாளர் நபோர் என்சினாஸிடம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மர டப்பாவை எடுத்தார். மிளகு அளவே இருக்கும் காட்டு மிளகாய் இரண்டை விரலால் நசுக்கித் தன் காப்பியில் போட்டார். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அவருடைய உதவியாளர் நாச்சாவுக்குப் புரிந்துவிட்டது.

"பயப்படாதீங்கக்கா. எங்க பாஸ் வயித்துக்குள்ள எந்தப் பூச்சியும் உயிரோட இருக்காது. பூச்சி மருந்து அடிக்கற உங்க வீட்டுக்காரருக்கு அங்க மட்டும் வேலை கிடையாது" என்றாள் நாச்சா.

டெல்ஃபினா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஐந்து நாளாகத் தூங்காத கண்களோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கீழே டோர்ட்டியா ரொட்டி சுடும் கடையில் இயந்திரம் ஓடிய சூடு தரை வழியாக மாடி அறைக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம், காலை பத்தரை மணி. வடக்குப் பாலைவனத்தில் இருக்கும் ஹெர்மோசில்லோ நகரம் அதற்குள்ளாகவே அடுப்புக்கல்லாகக் காய்ந்து கிடந்தது.

விஷயம் இதுதான். அவள் கணவன் நிக்காசியோ பத்தொன்பது வருடமாக வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பவன். போன வாரம் டான் எவாரிஸ்டோ என்று ஊரே மரியாதையாக அழைக்கும் பெரியவரின் வீட்டில் மருந்து அடித்து, மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் தேள் வராது என்று உத்தரவாதச் சீட்டும் எழுதிக் கொடுத்தான். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெரியவர் பூட்ஸுக்குள் காலை விட்டார், உள்ளே இருந்த தேள் கொட்டிவிட்டது, செத்துப்போனார். போலி மருந்து அடித்து உயிரைப் பறித்துவிட்டான் என்று அந்த வீட்டு மாப்பிள்ளை புகார் கொடுத்தார். நிக்காசியோவைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

"இன்னைக்கு மூணு மணிக்கு ஜட்ஜ் முடிவு சொல்றாரு. கேஸை ஏத்துக்கிட்டா விசாரணை முடியற வரைக்கும் உள்ளதான் இருக்கணும். ஒரு வருஷம் ஆகுமாம், ரெண்டு வருஷம் ஆகுமாம். வெளிய வந்தாலும் லைசென்ஸ் போச்சு. ஆளைக் கொன்னவன்னு ஒருத்தர் கூப்பிட மாட்டாங்க" என்றாள் டெல்ஃபினா.

நபோர் சீட்டின் நகலை வாங்கிப் படித்தார். முழுதும் படித்துவிட்டுக் கடைசி வரியை மறுபடியும் படித்தார்.

"டான் எவாரிஸ்டோ எந்த ஊர்க்காரர்?"

"இந்த ஊர்தான். அறுபத்தெட்டு வருஷமும் இங்கதான்."

நபோர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாச்சா, இன்னைக்குக் காலையில பூட்ஸ் போடறதுக்கு முன்னாடி நீ என்ன செஞ்சே?"

"கவுத்து உதறினேன்."

"ஏன்?"

"ஏன்னா? தேள் இருந்தா விழட்டும்னுதான். இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்?"

"ஒரு நாளாவது உதற மறந்திருக்கியா?"

"குளிக்க மறந்திருக்கேன். பல் தேய்க்க மறந்திருக்கேன். போன வருஷம் ஒருத்தனைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு வாக்கு கொடுத்துட்டு அதையும் மறந்திருக்கேன். பூட்ஸை மட்டும் உதறாம..." நாச்சா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு உறைத்துவிட்டது.

"அறுபத்தெட்டு வருஷம் இந்த ஊர்ல இருந்த மனுஷன் உதறாம பூட்ஸ்ல காலை விட்டாராம்" என்றார் நபோர். எழுந்து தொப்பியை எடுத்தார்.

டெல்ஃபினா தன் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்து நாச்சாவின் கையில் வைத்தாள். "இது அவரோடது. ஊதா வெளிச்சம் வரும். இருட்டுல தேள் மேல பட்டா பச்சையா மின்னும். இதை வச்சுத்தான் சுவரெல்லாம் தேடுவாரு. இதுவரைக்கும் பதினோரு தடவை கொட்டு வாங்கியிருக்காரு சார். ஒவ்வொண்ணையும் எண்ணி வச்சிருக்காரு. அந்த மனுஷன் போலி மருந்து அடிப்பாரா?"

*

குளிர்சாதனம் செத்துப்போன பழைய பிக்கப்பை நாச்சா விரட்டினாள். ஜன்னல் வழியாக வந்த காற்று முகத்தைச் சுட்டது.

"பாஸ், எனக்குத் தெளிவாயிடுச்சு. தேளை யாரோ பூட்ஸுக்குள்ள போட்டிருக்காங்க. போட்டது உள்ளூர்க்காரன் இல்லை. உள்ளூர்க்காரனா இருந்தா, கிழவர் உதறிடுவாருன்னு தெரியும். பூட்ஸுல வைக்கவே மாட்டான். அந்த வீட்டு மாப்பிள்ளை எந்த ஊரு?"

"தலைநகரம்."

"குவாச்சோவா!" என்று ஸ்டீயரிங்கில் ஒரு அடி அடித்தாள் நாச்சா. தெற்கிலிருந்து வந்தவர்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், மரியாதையாக அல்ல. "முடிஞ்சது கேஸ். செஞ்சவனும் அவன், புகார் கொடுத்தவனும் அவன். நான் இப்பவே கைவிலங்கு கடைக்கு வண்டியைத் திருப்பட்டுமா?"

"நேரா ஓட்டு" என்றார் நபோர்.

*

வீடு ஊரின் ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் கிழவர் கிழவியின் பழைய வீடு. முற்றத்தைத் தாண்டி நாற்பது அடி தூரத்தில் மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் புது வீடு, அதன் முன்னால் ஒரு வெள்ளைக் கார். பின்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குக் கருவேல விறகு அடுக்கியிருந்தது. முன் அறையில் இறந்தவரின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. ஒன்பது நாள் ஜெபத்தில் இன்று ஐந்தாம் நாள். மாலையில் வரப்போகிறவர்களுக்காக ஒரு தட்டில் வெல்லப் பணியாரங்கள் மூடி வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஹெரார்டோ வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நாற்பது வயது, சிவந்த முகம், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"பாருங்க! இதுதான் எங்க மாமனாரைக் கொன்னது. போலீஸ் போட்டோ எடுத்துட்டு எங்கிட்டயே கொடுத்துட்டாங்க. நான் விடறதா இல்லை. உத்தரவாதம் எழுதிக் கொடுத்தானே, உத்தரவாதம்! அதை அவன் முகத்துலயே ஒட்டுவேன்."

டப்பாவுக்குள் பஞ்சின் மேல் ஒரு தேள், பாதி நசுங்கிக் கிடந்தது. ஐந்து நாளாக இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"ரொம்பப் பத்திரமா வச்சிருக்கீங்க. பேர் எதாவது வச்சீங்களா?" என்றாள் நாச்சா.

ஹெரார்டோ முறைத்தார். நபோர் குறுக்கே வந்தார். "பூட்ஸைப் பார்க்கலாமா?"

உள்ளே விதவை லிப்ராதா ஒரு மர பெஞ்சில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். எழுபதை நெருங்கும் வயது. கையில் ஜெபமாலை. வந்தவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் நிடியாதான் பேசினாள்.

"அப்பா அன்னைக்கு எட்டு மணிக்கு பூட்ஸ் போட்டாரு. கொட்டினதும் அம்மா கத்தினா. நாங்க ஓடி வந்தோம். வரும்போதே மூச்சு இல்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துட்டு, கால் பெருவிரல் பக்கத்துல கொட்டின தடம் இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாரு."

"வழக்கமா எத்தனை மணிக்கு பூட்ஸ் போடுவாரு?"

"ஆறு மணிக்கு. நாங்க கடிகாரமே பார்க்க மாட்டோம். பூட்ஸைக் கவுத்து, குதிகாலைத் தரையில மூணு தட்டு தட்டுவாரு. டக், டக், டக். அந்தப் பக்கம் படுத்திருக்கற எங்களுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அம்மா காப்பியை அடுப்புல ஏத்துவா. நாற்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான்." நிடியா படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்குச் சத்தம் கேட்கலை. தூங்கறாருன்னு நினைச்சுட்டேன்."

நாச்சா நபோரைப் பார்த்தாள். அவர் கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கையறை பூட்டியிருந்தது. அவர் இறந்த நாளிலிருந்து லிப்ராதா அங்கே படுக்கவில்லை. நிடியா திறந்துவிட்டாள். கட்டில் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதன் நான்கு கால்களும் நான்கு கண்ணாடி ஜாடிகளுக்குள் நின்றன. கண்ணாடியில் தேள் ஏறாது. கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. ஓட்டிலிருந்து விழுவது படுக்கையில் விழாமல் இருப்பதற்காக. கட்டிலுக்குப் பக்கத்தில் கிழவரின் பூட்ஸ் இருந்தது.

"இவ்வளவும் செய்யற மனுஷன் பூட்ஸை உதறலையாம்" என்று முணுமுணுத்தாள் நாச்சா.

"ஜன்னலை அடை. டார்ச்சைப் போடு."

இருட்டாக்கியதும் ஊதா வெளிச்சம் முதலில் நபோரின் சட்டை மேல் விழுந்தது. சட்டை பளீரென்று நீலமாக எரிந்தது.

"பாஸ், நீங்களும் தேள்தான் போலிருக்கு."

"அது சோப்புத் தூள். வெளுத்த துணியெல்லாம் அப்படித்தான் நீலமா மின்னும். நாம தேடறது பச்சை."

கதவருகில் நின்ற ஹெரார்டோவின் டப்பாவில் இருந்த தேள் மங்கலான பச்சையாக மின்னியது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு நாச்சா வலது பூட்ஸுக்குள் வெளிச்சத்தை விட்டாள். உள்ளே, விரல்கள் போய் நிற்கும் இடத்தில், தோலில் ஒரு நாணய அகலத்துக்குப் பச்சைக் கறை மின்னியது. கறை ஓரத்தில் வழிந்து கீழே ஒழுகியிருந்தது.

"இதென்ன? தேள் எச்சில் துப்புமா?"

"துப்பாது. நசுங்கினாலும் இவ்வளவு ஈரம் அதுக்குள்ள கிடையாது." நபோர் பூட்ஸை முகர்ந்து பார்த்தார். ஐந்து நாள் ஆகியும் தோலுக்குள் ஏதோ ஒரு வாசனை லேசாக ஒட்டியிருந்தது. அதை நாச்சாவிடம் நீட்டினார்.

"சாராயம் மாதிரி இருக்கு. தேள் குடிச்சிருந்ததோ?"

"குளிச்சிருந்தது. சமையலறையைப் பார்த்துட்டு வா."

சமையலறை ஜன்னலில் வெயிலுக்குத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே அரை இருட்டு. டார்ச்சை அணைக்காமலே நாச்சா அலமாரியைத் திறந்தாள். காப்பித் தூள், உலர்ந்த மிளகாய், பயறு, உப்பு. அவற்றுக்குப் பின்னால் ஒரு சீசா முழுவதும் பச்சைத் தீயாக எரிந்தது. அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கையால் எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கரும்புச் சாராயத்தில் ஏழெட்டு தேள்கள் ஊறிக்கொண்டிருந்தன. அவை மின்னியதைவிடச் சாராயம் அதிகமாக மின்னியது.

அவள் பாட்டி வீட்டிலும் இப்படி ஒரு சீசா உண்டு. பாதி ஊரில் உண்டு. தேள் கொட்டினால் கொட்டின இடத்தில் தேய்ப்பார்கள்.

*

நாச்சா சீசாவோடு முன் அறைக்கு வந்தாள். வெற்றியோடு வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நேராக ஹெரார்டோவின் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க டப்பாவுல இருக்கற தேள் உயிரோட இந்த வீட்டுக்குள்ள நடந்தே வரலை. இந்தச் சீசாவுலேருந்து எடுத்து ஈரத்தோட பூட்ஸுக்குள்ள போட்டிருக்காங்க. செத்த தேள் கொட்டாது. அப்ப உங்க மாமனார் எதனால செத்தாரு? இந்த ஊர்க்காரங்க பூட்ஸை உதறுவாங்கன்னு தெரியாத ஒரே ஆள் இந்த வீட்ல யாரு?"

ஹெரார்டோவின் சிவந்த முகம் வெளுத்தது.

"நானா? நானா கொன்னேன்?" என்றார். "இந்தத் தெருவுல என்னைக் குவாச்சோன்னு கூப்பிடாத ஒரே ஆள் அவருதாங்க. பதினாலு வருஷமா என்னை மகனேன்னுதான் கூப்பிட்டாரு. அந்தச் சீசாவைத் தூக்கிப் போடுங்க, மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுங்கன்னு சண்டை போட்டதே நான்தான். நான் கூட்டிட்டு வந்த ஆள் அடிச்ச மருந்தால அவர் போயிட்டாருன்னு..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாச்சாவுக்குச் சங்கடமாகிவிட்டது. கையில் இருந்த சீசாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நாச்சா, நீ பாதி கணக்குப் போட்டுட்டு எழுந்துட்டே. உள்ள வா" என்றார் நபோர்.

படுக்கையறையில் மெத்தை விரிப்பைக் கழற்றியிருந்தார். மறுபடி இருட்டாக்கி டார்ச்சைப் போட்டாள். மெத்தையின் கால்மாட்டில் ஒரு தலையணை அகலத்துக்குப் பச்சை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊற்றி, வழிந்து, பரவி, காய்ந்திருந்த பச்சை. அதன் நடுவில் ஒரு குதிகால் வைத்திருந்த அளவுக்கு மட்டும் கறை இல்லை.

நாச்சா வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"யாரோ அவர் காலுக்குத் தேய்ச்சிருக்காங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா. செத்தவர் காலுக்கு யாரும் மருந்து தேய்க்க மாட்டாங்க. கொல்றவனும் தேய்க்க மாட்டான்" என்றார் நபோர். "அவரை உண்மையாவே தேள் கொட்டியிருக்கு. எட்டு மணிக்கு இல்லை. அதுக்கு ரொம்ப முன்னாடி. தேள் கொட்டினா யாரும் துப்பாக்கிக் குண்டு பட்ட மாதிரி விழறதில்லை. மணிக்கணக்காகும்."

வாசலில் நிழல் விழுந்தது. லிப்ராதா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மகளும் மாப்பிள்ளையும்.

"விளக்கை அணைச்சிடும்மா" என்றாள் நாச்சாவிடம். "அது அப்படி மின்னும்னு எனக்குத் தெரியாது."

*

முன் அறையில், கணவரின் படத்துக்குக் கீழே, அவள் சொன்னாள். யாரையும் பார்க்காமல், ஜெபமாலையைப் பார்த்துச் சொன்னாள்.

"அஞ்சு மணி இருக்கும். டோர்ட்டியா சுட விறகு வேணும்னு நான்தான் கேட்டேன். செருப்பைப் போட்டுக்கிட்டுப் பின்பக்கம் போனாரு. நொண்டிக்கிட்டு வந்தாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு. 'கொட்டிடுச்சுடி கிழவி, உன் சீசாவை எடு'ன்னாரு. எடுத்துத் தேய்ச்சேன். நாலு பிள்ளை பெத்தேன். நாலுக்கும் இதைத்தான் தேய்ச்சேன். ஒண்ணும் ஆகலை."

நபோர் சட்டைப் பையிலிருந்து உத்தரவாதச் சீட்டை எடுத்தார். கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "விறகுக் குவியலை அகற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அங்கே மருந்து அடிக்கவில்லை. அதற்கு உத்தரவாதம் இல்லை." கீழே டான் எவாரிஸ்டோவின் கையெழுத்து இருந்தது.

"அப்புறம்?" என்றார்.

"ஆறரைக்கு நாக்கு தடிச்சுப் போச்சு. எச்சில் ஒழுகிச்சு. கை இழுத்துச்சு. ஊசின்னு சொன்னாரு. ஊசி, ஊசின்னு ரெண்டு தடவை சொன்னாரு." ஜெபமாலை அவள் விரலில் நின்றுவிட்டது. "இன்னும் கால் மணி பார்ப்போம்னேன்."

"அம்மா!" என்றாள் நிடியா. "ஆஸ்பத்திரி இங்கதானே இருக்கு? ஊசிக்குக் காசுகூடக் கிடையாதே! கார் வாசல்ல நின்னுச்சே! ஒரு குரல் கொடுத்திருந்தா..."

"அதுக்கு உன் புருஷனை எழுப்பணும்."

லிப்ராதா ஜெபமாலையின் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள்.

"முந்தின நாள் சாயந்திரம் மருந்துக்காரர் போனதும், அந்தச் சீசாவைக் கொட்டுங்கன்னாரு மாப்பிள்ளை. நான் தெருவே கேட்கறாப்புல பேசிட்டேன். நாங்க தேளோடயே பிறந்தவங்க, உங்க ஊர்க்காரங்க மாதிரி ஒரு கொட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடறவங்க இல்லைன்னேன். மாப்பிள்ளையை அப்பவே வீட்டை விட்டு வெளிய அனுப்பாத குறை. விடிஞ்சதும் அவர் கதவையே போய்த் தட்டறதான்னு..." அவள் முதல் முறையாக மருமகனை நிமிர்ந்து பார்த்தாள். "வாசல் வரைக்கும் வந்தேன் மாப்பிள்ளை. ரெண்டு தடவை வந்தேன். திரும்பிப் போயிட்டேன்."

ஹெரார்டோ தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்த டப்பா இன்னும் இருந்தது.

"ஏழே முக்காலுக்கு மூச்சு நின்னுடுச்சு. எப்பக் கொட்டிச்சுன்னு நீங்க கேட்பீங்க. அஞ்சு மணிக்குன்னு என்னால சொல்ல முடியாது. எட்டுன்னு சொல்லணும்னா தேள் வீட்டுக்குள்ள இருக்கணும். கொட்டினது கால்ல. கட்டில்ல தேள் ஏறாதுன்னு ஊருக்கே தெரியும். பூட்ஸை விட்டா வேற இடம் தோணலை. சீசாவுலேருந்து ஒண்ணை எடுத்து உள்ள போட்டு மிதிச்சேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அவர் உதறாம போட்டாருன்னு சொல்லும்போதே எனக்கு வாய் கூசுச்சு. யாருமே கேட்கலை. அஞ்சு நாளா யாருமே கேட்கலை."

"நிக்காசியோவைப் பிடிச்சாங்களே" என்றார் நபோர்.

"விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். தினமும் ஜெபத்துல அவர் பேரையும் சேர்த்துக்கிட்டேன்."

நாச்சாவுக்குக் கோபம் வந்தது. டெல்ஃபினாவின் தூங்காத கண்கள் ஞாபகம் வந்தன. "ஜெபத்துல சேர்த்தா செல் கதவு திறக்காதும்மா" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

நிடியா நபோரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், விட்டுடுங்க. மருந்துக்காரர் விறகுல அடிக்கலைன்னு சீட்டுல இருக்கே, அதை மட்டும் காட்டுங்க. அம்மா பேரு வேண்டாம். ஊரு அவளைப் பிச்சுத் தின்னுடும்."

"சீட்டு மட்டும் போதாதும்மா. பூட்ஸுக்குள்ள தேள் இருந்துச்சுன்னு உங்கம்மா கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் அங்க இருக்கு. பூட்ஸ் வீட்டுக்குள்ள இருந்துச்சு. அந்த வாக்குமூலத்தை அவங்கதான் வாபஸ் வாங்கணும்." நபோர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. "வரச் சொல்லி நான் இழுத்துட்டுப் போக முடியாது. நான் போலீஸ் இல்லை."

லிப்ராதா பெஞ்சுக்குக் கீழே குனிந்தாள். தன் கறுப்புச் செருப்புகளை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உதறினாள். காலில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சீசாவை எடுத்துக்கோ" என்றாள் நாச்சாவிடம்.

*

பிக்கப்பில் மூவர். நடுவில் லிப்ராதா, அவள் மடியில் சீசா, காலடியில் கிழவரின் பூட்ஸ். பின்னால் வெள்ளைக் கார் வந்தது. தெருக்கோடியில் திரும்பி, சந்தையைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறினார்கள். இடது பக்கம் அரசு ஆஸ்பத்திரி வந்தது. வாசலில் பெரிய எழுத்தில் பலகை: தேள் கடி மருந்து, எந்நேரமும், இலவசம்.

லிப்ராதா பலகை பின்னால் போய் மறையும் வரை தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்டுலேருந்து இது வரைக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சும்மா?"

ஏழு நிமிடம். நாச்சாவின் கண் எதிரே வண்டியின் கடிகாரம் இருந்தது.

"நான் கவனிக்கலைம்மா" என்றாள்.

நபோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

எல்லாம் முடிய ஐந்து மணியாயிற்று. நீதிபதி கிழவி சொன்னதை முழுதும் கேட்டார். சீட்டைப் படித்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சீசாவையும் பூட்ஸையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். நிக்காசியோ மீது வழக்கு இல்லை என்றார். லிப்ராதா பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காகத் திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். நீதிபதி சொன்னது அவள் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

வெளியே நடையில் ஒரு நீண்ட பெஞ்ச். ஒரு கோடியில் லிப்ராதா உட்கார்ந்தாள். நிடியா அவளை விட்டு எட்ட நின்றாள். ஹெரார்டோதான் ஒரு தாள் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இரண்டு கண்களும் வீங்கியிருந்தன.

காவல் அறைக் கதவு திறந்தது. நிக்காசியோ வெறுங்காலோடு வந்தான். குள்ளமான, தோள் அகன்ற மனிதன். ஐந்து நாள் தாடி. டெல்ஃபினா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். வெகுநேரம் அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"டார்ச் கொடுத்தியா அவங்களுக்கு?" என்று கேட்டான்.

"கொடுத்தேன்."

"பேட்டரி இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணே. இனிமே எங்க பாஸ் வெளுத்த சட்டையே போட மாட்டாரு" என்றாள் நாச்சா. அன்று மதியத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. அவளுக்கே அது ருசிக்கவில்லை.

நிக்காசியோவுக்கு யாரோ நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் பெஞ்சின் மறுகோடியில் இருந்த கிழவியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் திட்டவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. ஐந்து நாள் உள்ளே இருந்தவனிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காவலர் நீட்டிய பிளாஸ்டிக் பையை வாங்கினான். பெல்ட், பணப்பை, பூட்ஸ்.

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து பூட்ஸை எடுத்தான். கவிழ்த்தான். குதிகாலைத் தரையில் தட்டினான்.

டக், டக், டக்.

லிப்ராதாவின் தலை நிமிர்ந்தது. கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்தாள். முழங்காலில் கையூன்றிப் பாதி எழுந்தாள், காப்பியை அடுப்பில் ஏற்றப் போகிறவளாக. பெஞ்சின் மறுகோடியில் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்த அந்நியனைப் பார்த்தாள். பிறகு மெல்ல, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.